கண் சிவக்காமலே பார்வை போகலாம்: எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் கண் அழற்சி பற்றிக் கேள்வி பதில்

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். இருமலைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், எடையைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கண்ணுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை நம்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டதற்காக நான் வருந்திய நாட்கள் உண்டு. நான் மருத்துவர் அல்ல, ஆற்றுப்படுத்துநர். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு நீங்களே மருந்து வாங்கிக்கொள்வதற்காக அல்ல, எந்த நாளில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

கண் சிவந்து நீர் வடிகிறது. மெட்ராஸ் ஐதானே, நான்கு நாளில் போய்விடாதா?

மெட்ராஸ் ஐயாகவே இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அது எல்லோருக்கும் வருவதுபோலத்தான் வரும். மண் விழுந்ததுபோல் உறுத்தும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

பீளையே இல்லாமல் சிவந்திருந்தால், கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் சிவந்திருந்தால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினால், கண்ணுக்குள்ளிருந்து வலி எடுத்தால், எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்வை மங்கினால் அது மெட்ராஸ் ஐ அல்ல. நான்கு நாள் காத்திருக்க வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணுக்குள் அழற்சி என்கிறார்களே, அது எந்த இடத்தில் வருகிறது?

கண்ணின் வெள்ளை விழிக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் நடுவில் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அதற்கு யுவியா என்று பெயர். அது வீங்கிச் சிவந்து அழற்சி காணும்போது யுவைடிஸ் என்கிறார்கள். முன்பக்கம் வந்தால் வலியும் சிவப்பும் இருக்கும். பின்பக்கம், விழித்திரையை ஒட்டி வந்தால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஒருமுறை ஒரு மருத்துவர் தன் கருவியின் பக்கவாட்டுக் குழாய் வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். இருட்டறையில் நோயாளியின் கண்ணுக்குள் மெல்லிய கீற்றாக ஒளி பாய்ந்தது. ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அதேபோல் அந்த ஒளிக்கீற்றில் சின்னஞ்சிறு புள்ளிகள் மிதந்தன. இரத்தத்திலிருந்து கசிந்து வந்த வெள்ளை அணுக்கள் அவை. நலமான கண்ணில் அந்த இடம் தெளிந்த நீராக இருக்க வேண்டும். யுவைடிஸ் என்ற சொல் அன்றுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

எச்.ஐ.வி. இருந்தால் எல்லோருக்கும் கண் பாதிக்குமா?

இல்லை. கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை நல்ல நிலையில் இருப்பவரின் கண், பெரும்பாலும் மற்றவர்களின் கண்ணைப் போலத்தான். அவருக்கும் வெள்ளெழுத்து வரும், கண்புரை வரும், சர்க்கரை இருந்தால் அதன் பாதிப்பும் வரும்.

ஆபத்து சி.டி.4 இறங்க இறங்கக் கூடுகிறது. சிபிலிஸ் என்ற மேகநோய், காசநோய், அக்கி ஆகியவை சி.டி.4 எந்த அளவில் இருந்தாலும் கண்ணைத் தாக்கலாம். 100-க்குக் கீழே போனால் கண் மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவார்கள். 50-க்குக் கீழே போனால், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பார்கள்.

ஆகவே உங்கள் சி.டி.4 எண்ணையும் வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த எண் மட்டும் போதாது. இதுவரை எவ்வளவு கீழே இறங்கியது என்பதும் கண் மருத்துவருக்குத் தேவைப்படும்.

விழித்திரையில் பஞ்சுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார்கள். பயப்பட வேண்டுமா?

அது எச்.ஐ.வி. விழித்திரைப் பாதிப்பாக இருக்கலாம். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடும் இடத்தில் அந்தப் புள்ளிகள் தோன்றும். பொதுவாகப் பார்வையைக் கெடுக்காது, சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். அதற்கென்று தனி மருந்தும் இல்லை, கூட்டு மருந்துதான் மருந்து. ஆனால் சி.எம்.வி. என்ற வேறொரு வைரஸ் தொடக்கத்தில் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். அந்த மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வலி இல்லை, சிவப்பு இல்லை. கண் முன்னே கொசு பறப்பதுபோல் மட்டும் இருக்கிறது. இதற்கெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., வளர்ந்தவர்களில் பெரும்பாலோரின் உடலில் சத்தமில்லாமல் உறங்கிக் கிடப்பது. எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. சி.டி.4 50-க்குக் கீழே போகும்போது அது விழித்து விழித்திரையைத் தின்னத் தொடங்குகிறது. தாளின் ஓரத்தில் பற்றிய நெருப்பு மெல்ல உள்ளே ஊர்வதுபோல் அது ஊர்ந்து வரும். எரிந்த இடத்தில் பார்வை இல்லை, அது திரும்பி வருவதும் இல்லை.

விழித்திரைக்கு வலி தெரியாது. நோய் ஓரத்தில் இருக்கும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு கொசுவோ நூலோ மிதப்பதுபோல் தோன்றும், மின்னல் வெட்டியதுபோல் ஒளி தெறிக்கும், பார்வையின் ஒரு பக்கம் நிழல் விழும். விழித்திரை நைந்து கிழிந்து பிரிந்துவிட்டால் திரை இழுத்துவிட்டதுபோல் ஒரு பக்கமே மறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களுக்குள் அந்தக் கண் போய்விடும். மறு கண்ணிலும் தொற்ற வாய்ப்பு அதிகம்.

சி.டி.4 குறைவாக இருப்பவருக்குக் கொசு பறப்பதுபோல் தெரிந்தால் அது வயதின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். ஒளி தெறித்தாலோ நிழல் விழுந்தாலோ அன்றைக்கே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கியை உண்டாக்கும் அதே வைரஸ் விழித்திரையைத் தாக்கினால் சி.எம்.வி.யைவிட வேகமாகப் போகும். அங்கே கணக்கு மாதத்தில் இல்லை, நாளில்.

வீட்டிலேயே கண்ணைச் சோதித்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு, காசு செலவில்லாத வழி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். லாரி ஓட்டும் ஒருவர், ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டிருந்தபோதுதான் இடது கண்ணில் பாதி பார்வை இல்லை என்பதையே கண்டுபிடித்தார். அதற்கு எத்தனை வாரம் முன்பு அது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

சுவரில் தினசரி காலண்டர் இருக்கும் அல்லவா? வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பாருங்கள். அழுத்த வேண்டாம். பெரிய எழுத்தில் இருக்கும் தேதி முழுதாகத் தெரிகிறதா? கிட்டே போனால் ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க முடிகிறதா? வழக்கமாகக் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். பிறகு மாதக் காலண்டரில் கட்டங்களின் கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்கேனும் நெளிகின்றனவா, ஏதாவது ஒரு கட்டம் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, பார்வையை நேராக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் விரலை அசைத்துப் பாருங்கள். பிறகு மறு கண்.

ஏதாவது மாறியிருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். மாறவில்லை என்றால் மகிழ்ச்சி. ஆனால் ஓரத்தில் இருக்கும் நோய் காலண்டருக்குத் தப்பிவிடும். சி.டி.4 குறைவாக இருக்கிறவர் காலண்டரை நம்பி மருத்துவரை விட்டுவிடக்கூடாது.

சி.எம்.வி. என்று சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாமே?

ஆம், போடுவார்கள். கேட்கும்போதே உடம்பு கூசும் என்று எனக்குத் தெரியும். முதலில் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். இமையை ஒரு சிறு கம்பி பிடித்துக்கொள்ளும். மிக மெல்லிய ஊசி, வெள்ளை விழியின் வழியாகக் கான்சைக்ளோவிர் மருந்தை உள்ளே விடும். சில நொடிகளில் முடிந்துவிடும். போட்டுக்கொண்டவர்களில் பலர், ஊசியைவிட அதற்கு முந்தைய இரவுதான் கொடுமை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி அந்தக் கண்ணை மட்டும்தான் காக்கும். மறு கண்ணையும் குடலையும் மற்ற உறுப்புகளையும் காக்க வால்கான்சைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். வழக்கமாக மூன்று வாரம் முழு அளவு, பிறகு குறைந்த அளவு. கூட்டு மருந்தால் சி.டி.4 100-ஐத் தாண்டிச் சில மாதம் அங்கேயே நிலைத்த பிறகுதான் நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். இந்த மாத்திரை இரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். உங்கள் கூட்டு மருந்தில் சிடோவுடின் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து இரத்த அணுக்களை மேலும் குறைக்கலாம்.

இந்த மாத்திரைக்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. வால்கான்சைக்ளோவிருக்கு 2007-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் ரோஷ் என்ற மருந்து நிறுவனத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் கூட்டமைப்பும் ஒன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2010-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. தங்கள் கண்ணுக்கான மருந்துக்காக நோயாளிகளே படியேறிப் போராடினார்கள் என்பதை, அந்த மாத்திரையைக் கையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

இந்தக் கண் நோய் முன்பு இன்னும் அதிகமாக இருந்ததா?

மிக அதிகம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பாதிப்பு பற்றிய இந்தியாவின் முதல் மருத்துவப் பதிவும் சென்னையிலிருந்துதான் வந்தது. 1995-இல் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்.

மேலை நாடுகளில் கூட்டு மருந்து வருவதற்கு முன்பு எய்ட்ஸ் நிலையை அடைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சி.எம்.வி. விழித்திரை நோய் வந்தது. 1996-க்குப் பிறகு அந்த எண்ணிக்கை செங்குத்தாக இறங்கியது. இங்கே அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தாம்பரம் மருத்துவமனை முதல் எட்டு மையங்களில் ஒன்று. 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்கப்படுகிறது. இன்றைக்கும் பார்வை இழப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள், அல்லது நடுவில் மருந்தை நிறுத்திவிட்டவர்கள்.

கூட்டு மருந்து தொடங்கிய பிறகுதான் கண் மங்கியது. மருந்துதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்விக்கு முதலில் இந்த ஒரு சொல்தான் பதில்.

நடப்பது இதுதான். மருந்து தொடங்குவதற்கு முன்பு கண்ணுக்குள் கிருமி இருந்திருக்கும், ஆனால் அதை எதிர்க்க உடம்பில் படை இல்லை. மருந்தால் சி.டி.4 ஏறத் தொடங்கியதும் புதிதாய் வந்த படை, பழைய எதிரியைக் கண்டு கண்ணுக்குள்ளேயே சண்டை போடுகிறது. அந்தச் சண்டையின் புகைதான் மங்கல். எதிர்ப்புச் சக்தி மீளும்போது வரும் யுவைடிஸ் என்று இதைச் சொல்கிறார்கள். சி.எம்.வி. விழித்திரை நோய் வந்தவர்களுக்கே இது பெரும்பாலும் வரும். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

பார்வையின் மையமான மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்வது, அதன் மேல் மெல்லிய சவ்வு படர்வது, கண்புரை வருவது ஆகியவை இதன் பின்விளைவுகள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தாகவோ கண்ணைச் சுற்றி ஊசியாகவோ கொடுத்து அழற்சியை அடக்குவார்கள். கூட்டு மருந்து தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். உங்கள் கூட்டு மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால், சில ஸ்டீராய்டு ஊசிகள் உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கி முகம் வீங்குதல், சர்க்கரை ஏறுதல் போன்ற தொல்லைகளைக் கொடுக்கும். கண் மருத்துவரிடம் "ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரை டப்பாவையே எடுத்துக் காட்டுங்கள்.

இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான், சி.டி.4 மிகக் குறைவாக இருப்பவருக்குக் கூட்டு மருந்து தொடங்கும் சமயத்திலேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். கண்ணில் சி.எம்.வி. இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கிவிட்டு, கூட்டு மருந்தை எப்போது சேர்ப்பது என்று கண் மருத்துவரும் ஏ.ஆர்.டி. மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள்.

நெற்றியில் கொப்புளம், ஒரு பக்கம் மட்டும் எரிச்சல். அக்கி என்று சொல்லிக் காவி பூசினார்கள். கண்ணும் வீங்குகிறது.

அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண் குழைத்து எழுதிக்கொள்வது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். எழுதும் பெரியவரின் கை குளிர்ச்சியும் அக்கறையும் எரிச்சலுக்கு இதமாக இருந்திருக்கும், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நெற்றியிலும் இமையிலும் வரும் அக்கிக்கு அது போதவே போதாது. அங்கே ஓடும் நரம்பின் கிளை கண்ணுக்குள்ளும் போகிறது.

மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ ஒரு கொப்புளம் இருந்தால் கண்ணும் தாக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளைதான். அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அந்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், கண் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதற்குப் பிறகும் கொடுப்பார்கள். கொப்புளம் ஆறிய பிறகும் கண்ணுக்குள் அழற்சியும் அழுத்தமும் வரலாம். ஆகவே சில மாதங்களுக்காவது கண் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

இதைப் படிப்பவர் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளாத இளவயதினராக இருந்து, நெற்றியில் அக்கி வந்திருந்தால், அருகிலுள்ள நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) ஒரு முறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பலருக்கு எச்.ஐ.வி. இருப்பதை முதலில் சொன்னதே இந்த அக்கிதான்.

காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறேன். அதற்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டா?

இரண்டு விதத்தில் உண்டு. காசநோய்க் கிருமியே கண்ணுக்குள் போய்க் கட்டிபோல் வளரலாம், அழற்சியை உண்டாக்கலாம். நுரையீரலில் ஒன்றும் இல்லாதபோதுகூட வரலாம்.

மற்றொன்று மருந்தால் வருவது. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். இரண்டு கண்ணும் வலியில்லாமல் மங்கும். சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரியும், நடுப்பார்வையில் நிழல் விழும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். உடனே சொன்னால் மருத்துவர் அந்த ஒரு மருந்தை மாற்றுவார், பார்வை பலருக்கும் மெல்லத் திரும்பும். நீங்களாக எல்லாக் காசநோய் மருந்தையும் நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு.

முதல் கூட்டு மருந்து பலன் தராமல் இரண்டாம் நிலைக் கூட்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கு, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபுட்டின் தருவதுண்டு. அது சிலருக்கு யுவைடிஸையே உண்டாக்கும். கண் சட்டென்று சிவந்து வலித்து, கருவிழிக்கு உள்ளே, அடிப்பகுதியில் வெள்ளையாகச் சீழ்போல் தேங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். இங்கும் நிறுத்துவது மருத்துவரின் வேலை.

கண் அழற்சிக்குப் போனால் சிபிலிஸ் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அவமானப்பட ஒன்றுமில்லை. அந்தச் சீட்டை எழுதிய மருத்துவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். மேகநோய் என்று நம் பெரியவர்கள் சொன்ன சிபிலிஸ், கண்ணில் எந்த வேடமும் போடும். முன்பக்க அழற்சி, பின்பக்க அழற்சி, பார்வை நரம்பு வீக்கம் என்று எதுவாகவும் வரும். சி.டி.4 நன்றாக இருக்கும்போதும் வரும். 2015-இல் அமெரிக்காவில் சியாட்டிலிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கண் சிபிலிஸ் கூட்டமாகத் தோன்றியபோது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மருத்துவர்களை எச்சரித்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்த ஆண்கள்.

எனக்கு இந்த நோயைப் பற்றிப் பேசும்போது ஒரு நிம்மதி உண்டு. பழைய பென்சிலினுக்கு இது இன்றும் கட்டுப்படுகிறது. கண்ணில் வந்தால் மூளை நரம்புக்கு வந்ததுபோலவே கருதி, மருத்துவமனையில் சேர்த்து 10 முதல் 14 நாள் இரத்தக் குழாய் வழியாகப் பென்சிலின் ஏற்றுவார்கள். துணைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் பூனை இருக்கிறது. விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். விழித்திரையைத் தாக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்திலும் சரியாக வேகாத இறைச்சியிலும் இருக்கலாம். சி.டி.4 குறைவாக இருக்கும்போது பூனை மலத்தை வேறொருவர் அள்ளட்டும், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். அது போதும். நிமோனியாவைத் தடுக்க உங்களுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை இந்த நோயையும் தடுக்கிறது. இருமல் இல்லையே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

தலைவலியோடு பொருள் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இதுவும் கண் நோயா?

கண் மருத்துவமனைக்கு அல்ல, நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சி.டி.4 குறைந்தவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையைத் தாக்கி மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். பார்வை நரம்பு நசுங்கும். உயிருக்கே ஆபத்து.

போன தடவை விட்ட சொட்டு மருந்து மீதி இருக்கிறது. அதையே விடலாமா?

கூடாது. மருந்துக் கடையில் "சிவப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதும் கூடாது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் சிவப்பு குறையும், "கைகண்ட மருந்து" என்று தோன்றும். உள்ளே வைரஸோ பூஞ்சையோ இருந்தால் அது தடையில்லாமல் வளரும். மாதக்கணக்கில் விட்டால் கண் நீர் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அதே ஸ்டீராய்டுதான் தகுந்த நோய்க்கு, தகுந்த கிருமிக்கொல்லியோடு, தகுந்த நாளில் கண்ணைக் காப்பாற்றுகிறது. எந்த நோய் என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது என்பதுதான் விஷயம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் அழற்சி கண்ட கண்ணில் விட வேண்டாம்.

கண் மருத்துவரிடம் எனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டுமா? சொன்னால் ஒதுக்குவார்களே.

உங்கள் பயத்தை நான் மறுக்க மாட்டேன். வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள், சீட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டவர்கள் என் முன்னே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அப்படியும் சொல்கிறேன்: மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண யுவைடிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துவிடுவார்கள். வலியில்லாத சி.எம்.வி.யைத் தேடவே தோன்றாமல் போகலாம்.

பதிவு மேசையில் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரின் அறைக்குள் தனியாகச் சொன்னால் போதும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதையும் அது தடை செய்கிறது. மறுத்தால் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லுங்கள், அல்லது 1097 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள்.

கண்ணீர் வழியாக மற்றவர்களுக்குப் பரவுமா? கண்தானம் செய்யலாமா?

கண்ணீரால் எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவே இல்லை. அழுகிற பிள்ளையின் கண்ணை அம்மா துடைக்கலாம், அம்மாவின் கண்ணைப் பிள்ளையும் துடைக்கலாம். மெட்ராஸ் ஐ தொற்றும் என்பதால் துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும். கண்தானம் செய்ய இயலாது. கண்புரை அறுவை சிகிச்சை தாராளமாகச் செய்துகொள்ளலாம், கண்ணுக்குள் அழற்சி அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். பார்வை குறைகிறது என்று குழந்தை சொல்லாது. தட்டில் ஒரு பக்கச் சோற்றை மட்டும் விட்டுவிட்டு எழும், நிலைப்படியில் இடித்துக்கொள்ளும், கண் மாறுகண்ணாகும். பாட்டிமார்தான் இதை முதலில் கவனிப்பார்கள். அவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

போன பார்வை திரும்புமா?

எந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. முன்பக்க அழற்சி, மாக்குலாவில் கோத்த நீர், கண்புரை இவற்றால் வந்த மங்கல் சிகிச்சையில் பெரும்பாலும் தெளியும். விழித்திரை பிரிந்திருந்தால் அறுவை சிகிச்சை செய்து உள்ளே சிலிக்கான் எண்ணெய் வைத்து ஒட்டவைப்பார்கள், ஓரளவு பார்வை மிஞ்சும். சி.எம்.வி. தின்ற இடம் மட்டும் திரும்பாது. சிகிச்சை என்பது மீதி இருப்பதைக் காப்பது. இதை நோயாளியிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாவிட்டால், "இத்தனை ஊசி போட்டும் தெரியவில்லையே" என்று நடுவில் விட்டுவிடுகிறார்கள், மிஞ்சியதும் போய்விடுகிறது.

நாளை கண் மருத்துவமனைக்குப் போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் டப்பாக்கள், ஏ.ஆர்.டி. அட்டை, சி.டி.4 மற்றும் வைரல் லோடு அறிக்கைகள், பழைய கண்ணாடி. காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிய அரை மணிக்கு மேல் ஆகும். முதலில் கொஞ்சம் எரியும். பிறகு மருத்துவர் தலையில் விளக்குக் கட்டிய கருவியோடு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, மேலே பார், கீழே பார் என்று சொல்லி ஓரம் வரை பார்ப்பார். வெளிச்சம் கூசும், வலிக்காது. யாரும் பாப்பாவை விரிக்காமலே "எல்லாம் சரி" என்று அனுப்பினால், சி.டி.4 எண்ணைச் சொல்லி, "விழித்திரையின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள், டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள், வண்டி ஓட்ட வேண்டாம். வெளியே வரும்போது வெயில் முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும், கறுப்புக் கண்ணாடியோ குடையோ கையில் இருக்கட்டும். சாயங்காலம் வரை கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கித்தான் தெரியும். அது சொட்டு மருந்தின் வேலை, இரவுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.